தாத்தாவின் பி-கே4, பேத்தியின் இ4

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதுப் பெண், தாத்தாவிடம் வீட்டிலேயே செஸ் கற்றுக்கொண்டு இப்போது ஒரு கோச்சிங் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். உங்கள் மாமனார் அவருடைய பழைய ஆங்கிலப் புத்தகத்தில் உள்ளபடி ‘பி-கே4’ என்று எழுதச் சொல்கிறார், கோச் ‘இ4’ என்று எழுதச் சொல்கிறார். போதாததற்கு அவள் காயை நகர்த்தும் முன்பே தாளில் எழுதிவிடுகிறாள், நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறாள், தன் குதிரைகளைப் பக்கவாட்டில் திருப்பி வைக்கிறாள். கோச் எல்லாவற்றுக்கும் திட்டுகிறார், மாமனாரோ ‘பெரிய ஆட்டக்காரர்கள் செய்யாததா’ என்கிறார். இருவரில் யார் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் வர மாட்டேன். உங்களுக்குத் தெரிய வேண்டியது இதில் எது விதி, எது வெறும் பழக்கம், எதற்குப் போட்டியில் தண்டனை கிடைக்கும் என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் பதினெட்டு வருடமாக மாவட்ட, மாநில அளவிலான வயதுப் பிரிவுப் போட்டிகளில் ஆர்பிட்டராக, அதாவது நடுவராக இருக்கிறேன். கோச் இல்லை. உங்கள் மகள் எப்படி ஜெயிப்பாள் என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, ஆனால் எந்தெந்தக் காரணத்துக்காகக் குழந்தைகள் மேஜையில் அழுகிறார்கள் என்று நன்றாகத் தெரியும். அதில் பாதி, ஸ்கோர் ஷீட், அதாவது நகர்வுகளை எழுதும் தாள் சம்பந்தப்பட்டது.

பலகையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேயே தவறினால் எழுதுவதெல்லாம் தவறு. ஒவ்வொருவருக்கும் வலது கைப்பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும். இது உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் சட்டம், இதில் கருத்து வேறுபாடே கிடையாது. வெள்ளை ஆடுபவரின் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எட்டு நெடுவரிசை, அவர் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 1 முதல் 8 வரை குறுக்குவரிசை. ஆக அவருடைய இடது மூலை ஏ1, அது கருப்புக் கட்டம். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பலகை ஓரத்தில் அச்சடித்திருக்கும் எழுத்துகள் வெறும் உதவிக்குத்தான். எழுத்து எந்தப் பக்கம் இருந்தாலும் வெள்ளை ஆடுபவரின் இடது கைதான் ஏ.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சுருட்டி வைக்கிற வினைல் பலகையை அவசரத்தில் விரிக்கும்போது தலைகீழாகப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டாலும் வலது மூலை வெள்ளையாகத்தான் இருக்கும், பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். ஒரு எட்டு வயதுப் பையனின் தாளை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன், வெள்ளையின் முதல் நகர்வே ‘டி5’ என்று எழுதியிருந்தான். முதல் நகர்வில் எந்தச் சிப்பாயும் ஐந்தாம் வரிசைக்குப் போகவே முடியாது. பொய் எழுதுகிறாயா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது, நல்ல வேளையாகக் குனிந்து பலகையைப் பார்த்தேன். அவன் கண்ணுக்குத் தெரிந்த எழுத்தைப் பார்த்து நேர்மையாக எழுதியிருக்கிறான், அவன் உட்கார்ந்திருந்தது 8 என்று அச்சடித்த பக்கம். இ4 என்பது தலைகீழாகத் திருப்பினால் டி5. அந்த ஆட்டம் முழுக்க அப்படியே கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது. உங்கள் மகளுக்குப் போட்டி அன்று சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான்: கை குலுக்குவதற்கு முன் 1 என்ற எண் வெள்ளைப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பலகையைத் தொண்ணூறு பாகை திருப்பி, வலது மூலையில் கருப்பு வருகிற மாதிரி போட்டுவிட்டு நடுவில் கண்டுபிடித்தால் ஆட்டம் ரத்தாகாது, அதே நிலையைச் சரியாக வைத்த பலகைக்கு மாற்றித் தொடர்வோம். காய்களையே தொடக்கத்தில் இடம் மாற்றி அடுக்கியிருந்தால் கதை வேறு, அந்த ஆட்டத்தை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

சரி, பி-கே4. உங்கள் மாமனார் சொல்வது தப்பு இல்லை, அது காலாவதியானது, அவ்வளவுதான். அந்த முறையில் பி என்றால் சிப்பாய், நெடுவரிசைக்கு அதன் தலைப்பில் நிற்கும் காயின் பெயர். ராஜா நிற்கும் வரிசை கே, ராணி நிற்கும் வரிசை க்யூ, ராஜா பக்க பிஷப் நிற்கும் வரிசை கேபி. எண்ணை அவரவர் தன் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். ஆகவே வெள்ளையின் கே4 என்பது இ4, கருப்பின் கே4 என்பது இ5. ஒரே கட்டத்துக்கு இரண்டு பெயர், 64 கட்டத்துக்கு 128 பெயர். ‘ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம்’ என்று பழைய புத்தகங்களில் வாக்கியமாக எழுதியதைச் சுருக்கிச் சுருக்கி வந்த வடிவம் அது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஸ்பானிய மொழி நாடுகளிலும் வெகுகாலம் இருந்தது, அங்கிருந்து வந்த புத்தகங்களைப் படித்த நம் ஊர்த் தாத்தாக்களிடமும் தங்கியது. கோச் சொல்லும் முறையைச் சிலர் ஏதோ கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்தது என்று நினைக்கிறார்கள். இல்லை, சிரியாவின் அலெப்போ நகரத்துக்காரர் பிலிப் ஸ்டம்மா 1737-இல் பாரிஸில் வெளியிட்ட புத்தகத்திலேயே எழுத்தும் எண்ணும் சேர்ந்த முறை இருக்கிறது. ஜெர்மானியர்கள் அதைப் பிடித்துக்கொண்டு செம்மைப்படுத்தினார்கள், ஆங்கிலம் பேசுகிறவர்கள்தான் கடைசி வரை வரவில்லை. 1981 முதல் ஃபிடே பழைய முறையை ஏற்பதில்லை.

ஏற்பதில்லை என்றால் என்ன அர்த்தம்? அவள் பி-கே4 என்று எழுதினால் உடனே தோற்றுவிட மாட்டாள். நடுவர் பார்த்தால் எச்சரித்து மாற்றச் சொல்வார். ஆனால் ‘ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது, டிரா வேண்டும்’ என்று அவள் கை தூக்கும்போது அந்தத் தாளைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்கோர் ஷீட் எதற்காக என்றால் அதற்காகத்தான். கோச் சொல்வதைக் கேட்க வேண்டிய இடம் இது, சந்தேகமே வேண்டாம்.

எழுத்து விஷயத்தில் ஒரு நெகிழ்வு இருக்கிறது, அதை அநேகமாக கோச்சே சொல்லியிருக்க மாட்டார். கட்டத்தின் பெயர் உலகம் முழுக்க ஒன்று, ஆனால் காயின் பெயருக்கு அவரவர் நாட்டில் வழங்கும் பெயரின் முதலெழுத்தைப் போடலாம் என்று சட்டமே சொல்கிறது. ஜெர்மானியர் குதிரைக்கு எஸ் போடுவார், பிரெஞ்சுக்காரர் ராஜாவுக்கு ஆர் போடுவார், நமக்கோ ஆர் என்றால் யானை. ரஷ்ய மொழியில் ராஜாவுக்கும் குதிரைக்கும் ஒரே எழுத்தில் பெயர் தொடங்குவதால் ராஜாவுக்கு மட்டும் இரண்டு எழுத்து போடுகிறார்கள். ஆங்கிலத்திலும் அதே சங்கடம்தான், நைட் என்ற சொல் கே-யில் தொடங்குகிறது, கே-யை ராஜா எடுத்துக்கொண்டார், அதனால் குதிரைக்கு ஓசைப்படி என். பத்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தாளில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான், எழுத்துக்கூட்டல் நன்றாகத் தெரிந்த குழந்தைதான் குதிரைக்குக் கே போடுகிறது! தமிழிலேயே எழுதலாமா என்று ஒரு அப்பா என்னிடம் கேட்டார். யோசித்துப் பாருங்கள், ராஜாவும் ராணியும் இரண்டுமே ‘ரா’. ரஷ்யர்கள் மாதிரி ஏதாவது செய்துதான் தப்பிக்க வேண்டும். இந்தச் சண்டையெல்லாம் வேண்டாம் என்றுதான் அச்சுப் புத்தகங்களில் எழுத்துக்குப் பதில் குட்டிக் காய்ப் படம் போடுகிறார்கள், அஞ்சல் வழியாக ஆடுகிறவர்கள் எழுத்தையே விட்டுவிட்டு எண்களால் எழுதினார்கள், இ2-விலிருந்து இ4 என்பது அங்கே 5254.

வாயால் சொல்லும்போது இன்னொரு தொல்லை. பி, சி, டி, இ, ஜி எல்லாம் போனில் ஒரே மாதிரி கேட்கும். பார்வையற்றவர்களுக்கான ஆட்டத்தில் நகர்வை உரக்கச் சொல்ல வேண்டும் என்பதால் அங்கே நெடுவரிசைகளுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்: அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்டாவ், ஹெக்டர். அவர்களுடைய பலகையில் கருப்புக் கட்டங்கள் கொஞ்சம் உயர்ந்திருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் காயைச் செருக ஒரு துளை இருக்கும், கருப்புக் காய்களுக்குத் தடவினால் தெரிகிற அடையாளம் இருக்கும். ஒருமுறை அத்தகைய மேஜைக்குப் பக்கத்தில் நின்று ‘ஈவா நான்கு’ என்று கேட்டுப் பாருங்கள், பலகை ஓரத்து எழுத்து எதற்கு என்று அப்போதுதான் உறைக்கும். என் மகனுக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், இப்போதும் வீட்டில் சோபா நகர்த்தும்போது ‘குஸ்டாவ் பக்கம் தள்ளு’ என்பான்.

அடுத்து, நகர்த்தும் முன் எழுதுவது. இதில் மாமனார் ஒரு காலத்தில் சரி. முதலில் எழுது, பிறகு பலகையைப் புதுக் கண்ணோடு ஒரு முறை பார், அபத்தமாக ஏதும் இல்லை என்றால் நகர்த்து என்பது சோவியத் காலத்தில் பெயர் பெற்ற அறிவுரை, பெஞ்சமின் ப்ளூமென்ஃபெல்ட் சொன்னதாக அலெக்சாண்டர் கோட்டோவ் பரப்பினார். பெரிய பெரிய கிராண்ட்மாஸ்டர்கள் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறார்கள். 2005-இல் ஃபிடே அதைத் தடை செய்தது. இப்போது முதலில் நகர்த்த வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். டிரா கோருவதற்கு மட்டும் விலக்கு: ‘இந்த நகர்வோடு அதே நிலை மூன்றாம் முறை வரும்’ என்று கேட்பதாக இருந்தால், நகர்த்தாமல் தாளில் எழுதிவிட்டு நடுவரைக் கூப்பிட வேண்டும். காயைத் தொட்டுவிட்டாலே அந்த உரிமை அப்போதைக்குப் போய்விடும், இதில் அழுத குழந்தைகள் பலர். தடைக்கான காரணம் என் புரிதலில் இதுதான்: எழுதிப் பார்த்து அடிப்பது என்பது ஆட்டத்தின் நடுவே குறிப்பெடுப்பதற்குச் சமம். குறிப்பெடுப்பது எவ்வளவு தீவிரமாகப் பார்க்கப்படுகிறது என்பதற்கு 2015 அமெரிக்க சாம்பியன்ஷிப் ஒன்று போதும். வெஸ்லி சோ தனக்குத் தானே ஊக்கம் சொல்லிக்கொள்கிற மாதிரியான வரிகளைத் தாளில் எழுதும் பழக்கம் உள்ளவர். ஏற்கனவே எச்சரித்திருந்தார்கள். ஒன்பதாம் சுற்றில் வருஷான் அகோபியானோடு ஆடும்போது வேறொரு தாளில் அப்படி எழுதினார், ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தோல்வி என்று அறிவித்துவிட்டார்கள். எழுதியதில் ஆட்டத் தந்திரம் எதுவும் இல்லை. அது விஷயமே இல்லை. அது கொஞ்சம் கடுமைதான் என்று அப்போதும் பேசினார்கள், எனக்கும் மனசு கேட்கவில்லை, ஆனால் அந்த மேஜையில் நான் இருந்திருந்தால் எனக்கும் வேறு வழி இருந்திருக்காது.

ஸ்கோர் ஷீட்டில் எழுதக்கூடியவை நகர்வுகள், கடிகார நேரம், டிரா கேட்டால் சமக் குறி, கோரிக்கை சம்பந்தப்பட்ட விவரம், இவைதான். எதிராளி டிரா கேட்டாலும் அவளும் அந்தச் சமக் குறியைப் போட வேண்டும், முக்கால்வாசிக் குழந்தைகள் போடுவதில்லை. நல்ல நகர்வு என்று ஆச்சரியக் குறி போடுவதெல்லாம் வீட்டுக்கு வந்து செய்யலாம். தாள் நடுவருக்குத் தெரிகிற மாதிரி எப்போதும் மேஜை மேல் இருக்க வேண்டும். அப்புறம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் எழுத வேண்டாம் என்று ஒரு அரைகுறைத் தகவல் எல்லாக் குழந்தைகளிடமும் இருக்கிறது. அது ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதலாகக் கிடைக்காத போட்டிகளுக்கு மட்டும். 90 நிமிடமும் நகர்வுக்கு 30 விநாடியும் என்று வைத்திருந்தால் கடைசி நகர்வு வரை எழுதியே ஆக வேண்டும். குறைந்த நேர ஆட்டங்களான ரேபிட், பிளிட்ஸில் எழுதவே வேண்டாம்.

இனி கண் மூடுவதும் குதிரையைத் திருப்புவதும். இங்கே கோச் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். நடுவர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், எதிராளிக்குத் தொந்தரவா இல்லையா. கண்ணை மூடினால் யாருக்குத் தொந்தரவு? குகேஷ் ஆட்டம் தொடங்கும் முன் பலகைக்கு முன்னால் கண் மூடி உட்கார்ந்திருப்பதை உலகமே பார்த்தது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோது, அழுதுகொண்டே காய்களையெல்லாம் பழையபடி தொடக்க நிலையில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்தார். எனக்கு அந்த ஆட்டத்தின் நகர்வுகளைவிட அந்த அடுக்கல்தான் நினைவில் நிற்கிறது, போட்டி முடிந்து 200 மேஜைகளில் காய் பொறுக்கிய அனுபவம் எனக்கு உண்டு. இவான்சுக் பலகையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்து யோசிப்பார். காஸ்பரோவ் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார், ஜெயித்துவிட்டோம் என்று தோன்றினால் எடுத்து மாட்டிக்கொள்வார், எதிரில் இருப்பவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் கடிகாரம் கட்டிக்கொள்வதைத் தொந்தரவு என்று எழுதி எந்த நடுவர் எச்சரிக்க முடியும்?

எல்லை எங்கே மங்கலாகிறது என்றால் முறைப்பதில். மிகைல் தால் எதிராளியை உற்றுப் பார்ப்பார், மயக்கிவிடுகிறார் என்று ஒரு பேச்சு இருந்தது. உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியில், 1959-இல், பால் பென்கோ கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார், தால் அதைவிடப் பெரிய கண்ணாடியைப் பெட்ரோசியனிடம் இரவல் வாங்கி மாட்டினார், அந்தப் போட்டியில் முதலிடம் தாலுக்கே. 1978-இல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் கோர்ச்னோய் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கிற மூக்குக்கண்ணாடி போட்டார், கார்போவுக்கு நடுவில் கொடுத்த தயிரில் சங்கேதம் இருக்கலாம் என்று அவர் தரப்பு எழுத்துபூர்வமாகப் புகாரே கொடுத்தது. இவை நடந்தவை. நிம்சோவிச்சின் சுருட்டுக் கதை மாதிரியானவை வேறு ரகம்: எதிராளி சுருட்டைப் பற்றவைக்காமல் மேஜையில் வைத்ததற்கே அவர் புகார் செய்து, ‘செய்கையைவிட மிரட்டல் வலிமையானது’ என்றாராம். எதிராளியின் பெயர் சொல்கிறவருக்கு ஏற்ப மாறுகிறது, அதனால் அதை நான் கதையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். குழந்தைக்குச் சொல்லலாம், கோச்சிடம் ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

குதிரை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சிலர் எதிராளியைப் பார்க்க வைப்பார்கள், சிலர் பக்கவாட்டில், சிலர் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி. ஆட்டம் தொடங்கும் முன் எப்படி வேண்டுமானாலும் திருப்பட்டும். ஆட்டத்தின் நடுவே திருப்பும்போதுதான் வில்லங்கம், ஏனென்றால் தொட்ட காயை நகர்த்த வேண்டும். அவளுடைய முறை வரும்போது மட்டும், தொடும் முன்பே ‘அட்ஜஸ்ட்’ என்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும். 1967-இல் சூஸ் நகரப் போட்டியில் மாதுலோவிச் பிலெக்குக்கு எதிராக நகர்த்தியே விட்டு, தப்பென்று தெரிந்ததும் அதே பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லான ‘ஜாதூப்’ என்று சொல்லி நகர்வைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அன்று தப்பித்தார். ஆனால் ஜாதூபோவிச் என்ற பட்டப்பெயர் சாகும்வரை போகவில்லை.

ஆக உங்கள் வீட்டுக்கு: இ4 என்று எழுதுவதிலும் நகர்த்திய பிறகு எழுதுவதிலும் கோச் பக்கம், கண் மூடுவதிலும் குதிரையிலும் மகள் பக்கம். நகர்த்தும் முன் ஒருமுறை நிதானிக்கும் பழக்கம் நல்லதுதான், அதைப் பேனா இல்லாமல் செய்யட்டும், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள், நிறையப் பேர் அப்படித்தான் பழகினார்கள். சில போட்டிகளில் மிகச் சின்ன வயதுப் பிரிவுக்கு அமைப்பாளர்கள் தனியாகச் சலுகை வைப்பதுண்டு, நோட்டீஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாமனாரின் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவர் உரக்க வாசிக்கட்டும், அவள் கேட்டு இப்போதைய முறையில் எழுதிக்கொண்டே காயை நகர்த்தட்டும். முதல் இரண்டு நாள் கருப்பின் நகர்வுகளில் தடுமாறுவாள், அங்கே நான்கு என்றால் ஐந்து, மூன்று என்றால் ஆறு, மொத்தம் ஒன்பது வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் போதும். இன்னொன்று, அந்தக் காலப் புத்தகமாக இருந்தால் குதிரைக்கு ‘கேடி’ என்று இரண்டு எழுத்து இருக்கும், அதை ராஜா என்று படித்துக் குழம்ப வேண்டாம்.